சபிக்கப்பட்ட கோப்பு கைக்கு வந்தால் அதை ஆராய்வது எப்படி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரியூசனுக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில், வட்ஸ்அப் குழு வழியாக ஒரு கோப்பு வந்து சேர்வதும், அதனோடு ஒரு திகில் கதை ஒட்டிக்கொண்டு வருவதும் புதினமான விடயமல்ல. இந்தப் படத்தை நள்ளிரவில் பார்த்தவர் உறக்கம் இழந்து இறந்துபோனார், இந்த ஒலியைக் கேட்ட சிறுவர்கள் நோயில் விழுந்தார்கள், இந்த விளையாட்டை நிறுவியவரின் கணினி தானாகவே அவருடைய பெயரைத் திரையில் எழுதியது என்று கதை போகும். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் உங்களுக்கும் அதே கதி என்று பெரும்பாலும் முடியும். அப்படியொரு கோப்பைப் பெற்றவருக்காகவும், "அண்ணா, இதைத் திறக்கலாமோ?" என்று தம்பியோ தங்கையோ வந்து நிற்கும்போது பதில் சொல்ல வேண்டிய மூத்தவருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கணினித் துறையில் பட்டம் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் சிறிது பொறுமையும் போதும்.

முழு வேலையும் ஒரு பிரிப்பில் தங்கியிருக்கிறது. உங்கள் கைக்கு வந்திருப்பவை இரண்டு: ஒரு கதை, ஒரு கோப்பு. இரண்டையும் தனித்தனியே, வெவ்வேறு முறைகளால் ஆராய வேண்டும். கதை கட்டுக்கதை என்று தெரிந்தவுடன் கோப்பைத் திறந்துவிடுகிறவர்களும், கோப்பில் வைரஸ் இருப்பதைக் கண்டவுடன் கதையும் உண்மைதான் என்று நடுங்குகிறவர்களும் ஒரே பிழையைத்தான் இரண்டு பக்கங்களிலிருந்து செய்கிறார்கள். பச்சைப் பொய்யான கதை நச்சு மென்பொருளோடு வரலாம். குலை நடுங்க வைக்கும் கதை சாதாரண நாய்ப் படம் ஒன்றோடு வரலாம்.

முதலில் செய்ய வேண்டியது

திறக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். அழித்துவிட்டால் ஆராய ஒன்றும் மிஞ்சாது. பிள்ளையின் மனத்திலோ கதை மட்டும் தங்கிவிடும். வட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பும் தரவும் பற்றிய பகுதிக்குச் சென்று, படங்களும் காணொளிகளும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடுங்கள். பிறகு செய்தியின் மேற்பகுதியைப் பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்த செய்தி என்று பொருள். உங்களுக்கு அனுப்பியவர் "என்ர மச்சானின்ர கூட்டாளிக்கு உண்மையா நடந்தது" என்று அடித்துச் சொன்னாலும், அந்த அம்புக்குறி வேறு கதை சொல்லும்.

அடுத்து, வந்த வழியே திரும்பிச் சென்று கேளுங்கள். பிள்ளையிடம் அதட்டாமல், "தம்பி, உனக்கு இதை அனுப்பினது ஆர்? அவருக்கு ஆர் அனுப்பினது?" என்று விசாரித்தால், இரண்டு மூன்று படிகளுக்கு மேல் பெயர் கிடைக்காது. பாதிக்கப்பட்டவர் எப்போதும் நண்பனின் நண்பனாகவே இருப்பார். நேரில் கண்டவர் ஒருவரும் அகப்பட மாட்டார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதையை ஆராயும்போது பயன்படும்.

கதையை ஆராய்தல்

கோப்பைத் தொடாமல், கதையின் எழுத்தை மட்டும் ஒரு தாளில் பிரதி செய்யுங்கள். கையால் எழுதுவது வீண் வேலைபோலத் தோன்றலாம். ஆனால் திரையில் வாசிக்கும்போது கண்ணுக்குத் தப்பும் ஓட்டைகள், எழுதும்போது தாமாகவே தெரியும். பிறகு மூன்று இடங்களில் கோடிடுங்கள்: சாட்சி எங்கே போனார், மூலக் கோப்பு என்ன ஆனது, வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப்படுகிறது.

இந்த மூன்றும் எப்படிப் பின்னப்படுகின்றன என்பதைப் பார்க்க, இந்த வகைக் கதைகளுள் மிகப் பெயர்பெற்ற 'ஸ்மைல்' என்ற ஜேபிஜி படத்தின் கதை நல்ல பாடம். 2008 அளவில் ஆங்கில இணையத்தில் பரவிய அந்தக் கதையில், மனிதப் பற்களைக் காட்டிச் சிரிக்கும் ஹஸ்கி வகை நாயொன்றின் படம் வருகிறது. பார்த்தவரின் கனவில் அந்த நாய் தோன்றி, இதைப் பரப்பு என்று கட்டளையிடுகிறது. சாட்சி சொல்ல வேண்டிய பெண்மணி அறைக்குள் பூட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறார். மூலப் படம் கிடைப்பதில்லை. சுற்றிவருபவையெல்லாம் போலிகள் என்று கதையே சொல்லிவிடுகிறது. இந்த ஏற்பாடு எவ்வளவு கெட்டித்தனமானது என்று கவனியுங்கள். உங்களுக்கு வந்த படத்தைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லையா? அப்படியானால் அது போலி. ஏதாவது நடந்ததா? அதுதான் அசல். எந்தச் சோதனையாலும் தோற்கடிக்க முடியாதபடி கதை தனக்கு முன்கூட்டியே வேலி போட்டுக்கொள்கிறது. எனக்கு அந்த நாயைவிட அந்த வேலிதான் வியப்பைத் தருகிறது. உங்கள் கைக்கு வந்த கதையில் அப்படியொரு வேலி இருந்தால், எழுத்துத் திறமையுள்ள ஒருவர் அமர்ந்து யோசித்து எழுதியது என்று ஓரளவு நம்பிக்கையோடு முடிவு செய்யலாம்.

பத்துப் பேருக்கு அனுப்பு என்ற நிபந்தனையை நம் வீடுகளில் பெரியவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அம்மன் பெயரிலும் மாதா பெயரிலும் தபாலட்டையில் வந்த சங்கிலிக் கடிதங்களில் இருந்ததும் இதுவே: பிரதி எடுத்து அனுப்பியவருக்கு அதிர்ஷ்டம், கிழித்துப் போட்டவருக்கு விபத்து. அம்மம்மாவிடம் கேட்டால் வாசகத்தையே ஒப்புவிப்பார். அந்தக் கேள்வியைப் பிள்ளையின் முன்னால் கேட்பது மிகப் பயனுள்ளது; தன் தொலைபேசிக்குள் வந்த புதுமையான பயங்கரத்தை அம்மம்மா சிறுவயதிலேயே தபாலில் பெற்றிருக்கிறார் என்று அறியும் பிள்ளைக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

அடுத்தது காலச் சோதனை. கதையில் வரும் ஆண்டையும் தொழில்நுட்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஸ்மைல் கதை 1992 இல் சிக்காகோவில் தொலைபேசி இணைப்பில் இயங்கிய ஓர் அறிவிப்புப் பலகைச் சேவையில் தொடங்குவதாகச் சொல்கிறது. ஜேபெக் (ஜேபிஜி) பட முறைக்கான சர்வதேசத் தரமே அந்த ஆண்டில்தான் வெளியானது. செக்கனுக்கு 2,400 பிட் வேகத்தில் இயங்கிய ஒரு மோடத்தில் 100 கிலோபைட் படம் இறங்க ஐந்து நிமிடங்களுக்கு மேலாகும். முற்றிலும் நடக்க முடியாத காரியமல்ல. ஆனால் கதையில் இருக்கும் சர்வசாதாரணமான தொனி, பிற்காலத்தில் வேகமான இணையத்தில் வளர்ந்த ஒருவருடையது. பொலிபியஸ் என்ற கதைக்கும் இதே முறை பொருந்தும். 1981 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் விளையாடியவர்களின் மனத்தைக் குலைத்த ஒரு விளையாட்டு இயந்திரம் இருந்ததாக அது சொல்கிறது. அந்தக் காலத்து அச்சு இதழ்களில் அப்படியொரு பெயருக்குச் சான்று கிடைக்கவில்லை.

மூன்றாவது சோதனை, கதைக்குள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் உண்மையைத் தேடுவது. லவண்டர் டவுன் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஜப்பானில் 1996 பெப்ரவரி 27 அன்று வெளியான போக்கிமொன் விளையாட்டின் ஓர் ஊருக்கான பின்னணி இசை, சிறுவர்களை நோயிலும் மரணத்திலும் தள்ளியது என்பது கதை. அது 2010 அளவில்தான் ஆங்கில இணையத்தில் பரவியது. இசையால் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் 1997 டிசம்பர் 16 அன்று அதே போக்கிமொன் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அங்கத்தில், சிவப்பும் நீலமும் செக்கனுக்கு ஏறத்தாழ 12 தடவை மாறி மாறிப் பளிச்சிட்டபோது, 685 சிறுவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலருக்கு ஒளியால் தூண்டப்படும் வலிப்பு. தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒளி ஒலியாக மாறியிருக்கிறது, தொலைக்காட்சி விளையாட்டாக மாறியிருக்கிறது, வலிப்பு மரணமாக மாறியிருக்கிறது. கண், காது, மூக்கு வைத்துக் கதை வளர்ந்திருந்தாலும் அடியில் ஒரு உண்மை கிடக்கிறது, அது கதை சொல்லும் இடத்தில் இல்லை. ஆகவே "முழுப் பொய்" என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். பிள்ளை தேடிப் பார்த்து 685 என்ற எண்ணைக் கண்டுபிடித்தால், உங்கள் சொல்லுக்குப் பிறகு மதிப்பிருக்காது.

தேடும் முறையைப் பற்றி ஒரு சொல். தமிழில் வரும் இக்கதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து ஊர்பெயர் மாற்றப்பட்டு வந்தவை; சிக்காகோ தெஹிவளையாகும், பள்ளிக்கூடத்துக்கு நம் ஊர்ப் பெயர் கிடைக்கும். ஊர், ஆள், பள்ளிப் பெயர்களை நீக்கிவிட்டு, விசித்திரமான விவரங்களை மட்டும் (மனிதப் பற்கள், சிவப்புச் சுவர், கண்ணில் இரத்தம்) ஆங்கிலச் சொற்களாக்கித் தேடுங்கள். தேடல் முடிவுகளைக் காலத்தால் வடிகட்டி, மிகப் பழையதை நோக்கிச் செல்லுங்கள். 2009 ஜூன் 10 அன்று ஒரு படம் திருத்தும் போட்டிக்காக எரிக் நட்சன் என்பவர் உருவாக்கிய ஸ்லெண்டர் மேன் என்ற முகமில்லாத நெட்டைத் திகில் உருவத்தைப்போல, சில கதைகளுக்கு நாளும் ஆளும் துல்லியமாகவே கிடைக்கும். மோமோ என்று அஞ்சப்பட்ட உருவத்துக்கும் அப்படித்தான்: அது 2016 இல் ஜப்பானியச் சிற்பி கெய்சுகே ஐசோ செய்த ஒரு சிலை. 2018, 2019 ஆண்டுகளில் அதன் பெயரால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று உலகெங்கும் எச்சரிக்கைகள் பறந்தன; 2019 எச்சரிக்கைகளின்போது அந்தச் சிலை ஏற்கெனவே உக்கிப்போய்க் குப்பைக்குச் சென்றுவிட்டிருந்தது.

கோப்பை ஆராய்தல்

இங்கே ஒரு அடிப்படையை மனத்தில் இருத்த வேண்டும். கோப்பு என்பது வட்டிலோ நினைவகத்திலோ வரிசையாகக் கிடக்கும் எண்கள். தானாக எழுந்து எதையும் செய்யாது. அதைத் திறக்கும் மென்பொருள்தான் அந்த எண்களைப் படமாகவோ ஒலியாகவோ கட்டளையாகவோ எடுத்துக்கொள்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இதற்குள் என்ன இருக்கிறது?" என்பதற்கு முன், "இதை எந்த மென்பொருள் திறக்கப் போகிறது?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குக் கோப்பின் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள் முதல் பதிலைத் தருகின்றன. விண்டோஸ் அந்த எழுத்துகளை வழக்கமாக மறைத்து வைக்கிறது. கோப்புச் சாளரத்தின் காட்சி மெனுவில் அவற்றைக் காட்டச் செய்யுங்கள். 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய காதல் கடித வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்ததற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். பெயரில் டெக்ஸ்ட் என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் விபிஎஸ் என்ற கட்டளைக் கோப்பின் வால் மறைந்திருந்தது. திறந்தவர்களின் படக் கோப்புகளை அது தன் பிரதிகளால் மேலெழுதியது. கணினியில் ஈஎக்ஸ்ஈ, விபிஎஸ், எஸ்சிஆர், பிஏடி, தொலைபேசியில் ஏபிகே என்று முடியும் எதுவும் படமோ பாட்டோ அல்ல, செயலி. பேய் விளையாட்டு என்று ஏபிகே வந்தால் ஆராய்ச்சியை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதை நிறுவக் கூடாது.

பெயரையும் முழுதாக நம்ப முடியாது. அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யுனிக்கோட்டில் இருக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத குறியைப் பெயரின் நடுவில் செருகினால், ஈஎக்ஸ்ஈ என்று முடியும் கோப்பு ஜேபிஜி என்று முடிவதுபோலத் திரையில் தெரியும். எனவே கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். எச்எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் கோப்பை இயக்காமல் அதன் எண்களை மட்டும் காட்டும். ஜேபெக் படம் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். விண்டோஸ் செயலி எம், ஸெட் என்ற இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். அவை மைக்ரோசொப்ட் பொறியியலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். ஸிப் கோப்பு பி, கே என்று தொடங்கும். அந்த முறையை உருவாக்கிய பில் காட்ஸ் 2000 ஆம் ஆண்டில் 37 வயதில் காலமானார். இன்றைய வேர்ட் ஆவணமும் உள்ளே ஒரு ஸிப் கோப்புத்தான் என்பதால், நீங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் ஒரு மறைந்த மனிதரின் முதலெழுத்துகளோடுதான் தொடங்குகிறது. பேய்க் கதை எழுத விரும்புகிறவர்கள் ஏன் இதை இன்னும் தொடவில்லை என்று நான் யோசிப்பதுண்டு.

பிறகு கோப்பின் கைரேகையை எடுங்கள். 7-ஸிப் மென்பொருளை நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலது சொடுக்கிச் ஷா-256 என்பதைத் தெரிவு செய்ய, நீளமான ஒரு எண் கிடைக்கும். கோப்பின் பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த எண் மாறாது; உள்ளே ஒரு பிட் மாறினாலும் அது முழுதாக மாறிவிடும். அந்த எண்ணை வைரஸ்டோட்டல் என்ற தளத்தின் தேடல் பெட்டியில் இட்டால், அதே கோப்பை உலகில் வேறு யாராவது சோதித்திருந்தால் பல பத்து வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் தீர்ப்பும், முதலில் பதிவான நாளும் தெரியும். நேற்று ஒருவருக்கு மட்டும் கிடைத்த அபூர்வக் கோப்பு என்று கதை சொல்லும்போது, பல ஆண்டுகளுக்கு முன்னரே அது பதிவாகியிருப்பதைக் காண்பது ஒரு தனி இன்பம். எண் அகப்படாவிட்டால் கோப்பையே பதிவேற்றலாம். ஆனால் அங்கே பதிவேற்றுபவை பாதுகாப்பு நிறுவனங்களோடும் ஆய்வாளர்களோடும் பகிரப்படும். குடும்பப் படங்களோ அடையாள அட்டைப் பிரதியோ உள்ள கோப்பை அங்கே ஏற்றக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்படும் படத்தை அந்தச் செயலி மீண்டும் சுருக்குகிறது. ஒவ்வொரு கையிலும் கைரேகை மாறலாம், படம் எடுத்த நாள், கருவி போன்ற உள்விவரங்களும் அழிந்துவிடும். "இந்தப் படம் எடுக்கப்பட்ட நேரம் 13 மணி 13 நிமிடம் என்று கோப்புக்குள் இருக்கிறது" என்று கதை சொன்னால், வட்ஸ்அப் படத்தில் அதைப் பார்க்கவே முடியாது. பார்த்ததாகச் சொல்பவரிடம், ஆவணமாக அனுப்பும்படி கேளுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். பெரும்பாலும் வராது.

சோதனைக்கு எந்தக் கணினி என்பதும் முக்கியம். கொம்யூனிகேஷன் கடையில் நிழற்படப் பிரதி எடுக்கப் போகும்போது பென் டிரைவில் இதையும் கொண்டுபோய் அங்கே திறந்து பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம். காலையிலிருந்து மாலை வரை எத்தனையோ பேரின் பென் டிரைவ்கள் ஏறி இறங்கும் கணினி அது; நீங்கள் கொண்டுபோவது ஒன்று, கொண்டுவருவது இரண்டாக இருக்கும். வீட்டு மடிக்கணினியில், வேறு முக்கிய ஆவணங்களின் பிரதியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால், அதிலுள்ள சாண்ட்பொக்ஸ் வசதியை இயக்கி, இணையத் தொடர்பைத் துண்டித்து, அதற்குள் திறக்கலாம்; மூடியவுடன் உள்ளே நடந்த எல்லாம் அழிந்துவிடும். அந்த வசதி இல்லாதவர்கள் செயலிக் கோப்பைத் திறக்காமல் விடுவதால் எதையும் இழக்கப் போவதில்லை.

காணொளியாக இருந்தால் ஒலியை நிறுத்தி, திரையைச் சிறிதாக்கி, வெளிச்சமான அறையில், ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பாருங்கள். இங்கே மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் காட்சி, ஒளியால் வலிப்பு வரும் இயல்புள்ளவருக்கு உண்மையான ஆபத்து. அந்த இயல்பு தமக்கு இருப்பது பலருக்கு முதல் வலிப்பு வரும்வரை தெரியாது. பளிச்சிடும் காணொளியைச் சாபத்துக்காக அல்ல, இதற்காகவே மற்றவருக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும். ஒலிக் கோப்புக்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அலைமாலைக் காட்சியை (ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டுவது) திறந்தால், வேண்டுமென்றே வரையப்பட்ட முகங்களைக் கண்ணாலேயே காணலாம். அப்படி முகம் கிடைத்தால் பயப்பட வேண்டாம், யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.

உண்மையிலேயே கோப்பு ஒன்று கருவியைக் குலைத்தால்

சில வேளைகளில் பிள்ளை சொல்வது அப்படியே நடக்கும்: படத்தைத் திறந்ததும் தொலைபேசி அணைந்து அணைந்து எரியும். அப்போது தடுமாறாமல் இருக்க, நடந்தவை சிலவற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது.

2020 இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஏரியொன்றின் அழகிய படம், அன்ட்ரொயிட் 10 இயங்கிய பல தொலைபேசிகளில் பின்னணிப் படமாக வைக்கப்பட்டவுடன் அவற்றை மீண்டும் மீண்டும் அணைந்து தொடங்கும் சுழலில் தள்ளியது. படம் வழக்கத்தைவிட விரிந்த நிறவெளி ஒன்றில் சேமிக்கப்பட்டிருந்தது. அதன் ஒளிர்வைக் கணக்கிடும்போது 255 என்ற எல்லையைத் தாண்டிய ஒரு எண் வந்து மென்பொருள் விழுந்தது. 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களின் செய்திச் செயலிகளை முடக்கியது; ஐஓஎஸ் 11.2.6 பதிப்பு வந்து அதைச் சரிசெய்தது. தெலுங்கு எழுத்தில் தோஷம் இல்லை, அதைத் திரையில் கோக்கும் நிரலில்தான் ஓட்டை. 2022 இல் மைக்ரோசொப்ட் பொறியியலாளர் ரேமண்ட் சென் எழுதிய பழைய சம்பவம் இவற்றைவிட வினோதமானது: ஜனெட் ஜாக்சனின் 1989 ஆம் ஆண்டுப் பாடலொன்று, நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் சில வன்தட்டுகளின் அதிர்வெண்ணோடு ஒத்திசைந்து, பாடலை ஒலித்த மடிக்கணினியை மட்டுமன்றிப் பக்கத்து மேசையிலிருந்த மடிக்கணினியையும் செயலிழக்கச் செய்தது. கதையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

காலி வீதி நெட் கஃபேக்களில் 2000 களில் அமர்ந்தவர்களுக்கு இன்னும் இரண்டு நினைவிருக்கும். சி, ஓ, என் என்ற மூன்று எழுத்துகளில் கோப்புறை ஒன்றை உருவாக்க முடியாது, பில் கேட்ஸுக்கே காரணம் தெரியாது என்பது ஒன்று. காரணம் மைக்ரோசொப்டுக்கு நன்றாகவே தெரியும்: விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்து அந்தப் பெயர் விசைப்பலகையையும் திரையையும் குறிப்பதற்காக ஒதுக்கப்பட்டது. மற்றது, நோட்பேடில் 'புஷ் உண்மைகளை மறைத்தார்' என்ற ஆங்கில வாக்கியத்தைச் சேமித்துத் திறந்தால் எழுத்துகள் மறைந்து சதுரங்கள் தெரிந்தது. அந்த 18 எழுத்துகளை ஒன்பது சீன எழுத்துகள் என்று விண்டோஸ் பிழையாக ஊகித்ததால் வந்தது அது. அதே அமைப்பில் சொற்கள் உள்ள வேறு வாக்கியங்களும் அப்படியே ஆயின. விஸ்டா பதிப்பில் சரியாகிவிட்டது.

உங்கள் கருவிக்கும் இப்படி நேர்ந்தால், தொலைபேசியைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கி, அந்தக் கோப்பை நீக்கி, இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். புதுப்பிப்பை ஒத்திப்போடும் வழக்கம் இங்கே ஆபத்தானது. 2015 இல் கண்டறியப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் என்ற அன்ட்ரொயிட் ஓட்டை, காணொளிச் செய்தி வந்து சேர்ந்தாலே, பெறுபவர் எதையும் தொடாமலே தாக்கக்கூடியதாக இருந்தது. முன்காட்சி காட்டுவதும் ஒரு திறப்புத்தான்.

கதையைப் பார்த்துச் செய்யப்பட்ட கோப்புகள்

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. முதலில் கதை மட்டும் இருக்கும்; அது பிரபலமானபின், கதையில் வரும் கோப்பை யாராவது செய்து வெளியிடுவார்கள். சோனிக் என்ற கணினி விளையாட்டுப் பாத்திரத்தை வைத்து 2011 இல் எழுதப்பட்ட ஒரு செயலிக் கோப்பின் கதை அடுத்த ஆண்டே ரசிகர் ஒருவரால் உண்மையான விளையாட்டாக்கப்பட்டது. அதில் கெடுதி இல்லை. ஆனால் 2015 இல் இருண்ட வலையில் (டார்க் வெப்) கிடைத்ததாக ஒரு யூடியூப் அலைவரிசை காட்டிய சாட் சாத்தான் விளையாட்டின் வழி வேறு. அதன் பெயரில் பிறகு சுற்றவிடப்பட்ட ஒரு பதிப்பில் நச்சு மென்பொருளும், சிறுவர் துஷ்பிரயோகப் படமும் இருந்தன. ஆர்வத்தால் அதைப் பதிவிறக்கியவர்கள் சாபத்தைத் தேடிப் போய்ச் சட்டத்தில் மாட்டும் நிலைக்கு வந்தார்கள். அத்தகைய படங்களை வைத்திருப்பது இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். கணினிக்குத் தீங்கு செய்யும் நிரலை வேண்டுமென்று பரப்புவதற்கு 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. எனவே பெயர்பெற்ற கதையின் 'அசல் கோப்பு' என்று எது வந்தாலும் அதைத் தேடிப் பதிவிறக்காதீர்கள். நச்சு மென்பொருள் என்று உறுதியானால் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும், கொழும்பிலுள்ள இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட படம் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. அந்தப் படத்தைச் சான்றுக்காகக்கூட வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது.

வீட்டிலும் குழுவிலும்

ஆராய்ந்து முடித்ததைப் பிள்ளைக்குத் தீர்ப்பாக வாசிக்காமல், செய்தவற்றை அவர் கையாலேயே மீண்டும் செய்ய விடுங்கள். கைரேகை எடுப்பதிலும் முதல் பைட்டுகளைப் பார்ப்பதிலும் அவருக்குக் கிடைக்கும் உற்சாகம் பயத்தைவிடப் பெரிது. திகில் கதையை ரசிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. கதை என்று தெரிந்து ரசிப்பதற்கும், கட்டளை என்று நம்பிக் கீழ்ப்படிவதற்கும் இடையிலான கோட்டை மட்டும் கவனியுங்கள். 2014 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், ஸ்லெண்டர் மேனை மெய்யென்று நம்பிய 12 வயதுச் சிறுமியர் இருவர் தம் வகுப்புத் தோழியைக் கத்தியால் குத்தினார்கள். அவர் உயிர் தப்பினார். அது மிக அரிய நிகழ்வு. ஆனாலும் பிள்ளை பல நாட்களாக உறங்க மறுத்தால், இரகசியமாக அந்த உருவத்தோடு பேசுவதாகச் சொன்னால், தன்னைக் காயப்படுத்தும்படி யாரோ பணிப்பதாகக் கூறினால், கோப்பு ஆராய்ச்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. கோப்புக்குப் பின்னால் பேய் இல்லாமலிருக்கலாம், பிள்ளையை மிரட்டும் ஒரு மனிதர் இருக்கலாம்; "இதை ஆரும் உனக்குத் தனியா அனுப்பினவையோ?" என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

குழுவுக்குப் பதில் எழுதும்போது கதையை மீண்டும் சொல்லாதீர்கள், படத்தையும் மறுபடி இணைக்காதீர்கள். மறுப்பாக எழுதப்படும் பதிவுகளே பல கதைகளை மேலும் தூக்கிச் சென்றிருக்கின்றன. மோமோ விடயத்தில் கதையைவிட அதைப் பற்றிய எச்சரிக்கைகளே அதிகம் பேரைச் சென்றடைந்தன. பரப்பியவரைப் பெயர் சொல்லி வெட்கப்படுத்தவும் வேண்டாம், பெரும்பாலும் அவரும் பயந்துபோன பிள்ளையே. சுருக்கமாக இப்படி எழுதினால் போதும்: "நேற்று வந்த கோப்பைச் சோதித்துப் பார்த்தோம். அதனோடு வந்த கதை சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கற்பனை. கோப்பில் வைரஸ் எதுவும் அகப்படவில்லை. யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, அனுப்பாதவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கேள்வி இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்." வைரஸ் இருந்திருந்தால் மூன்றாம் வாக்கியத்தை மாற்றி, திறந்தவர்கள் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கோப்பை நீக்குங்கள். வட்ஸ்அப் உரையாடலில் அழித்தாலும், தொலைபேசியின் படத்தொகுப்பிலும், கூகுள் போட்டோஸ் போன்ற இணையச் சேமிப்பிலும், மடிக்கணினியின் பதிவிறக்கக் கோப்புறையிலும், குப்பைத் தொட்டியிலும் பிரதி தங்கியிருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். ஷா-256 எண்ணையும் கதையின் பிரதியையும் மட்டும் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளலாம். அதே கோப்பு வேறொரு பெயரில், வேறொரு ஊர்க் கதையோடு திரும்பி வரும்போது எண்ணை ஒப்பிட்டாலே போதும். படமாக வந்து எண் மாறியிருந்தால், கதையில் கோடிட்ட மூன்று இடங்களை ஒப்பிடுங்கள்.